பிரஸ்டனில் விளைந்த பெருங்காயம்

மெல்பேர்ணில் பெருங்காயம் விளைகிறது என்ற செய்தி, 1976ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் புதன்கிழமை ஒன்றில் பிரஸ்டனிலிருந்து கிளம்பி, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நகரத்தின் மறுகோடியிலுள்ள டண்டினோங் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோனது தொலைபேசி; தொலைபேசியைப் பிடித்திருந்த கை என்னுடையது. செடி ஆள் உயரம் இருந்தது. நான் தந்திக் கம்பத்தில் முக்கால்வாசி என்று சொன்னேன். டண்டினோங் போய்ச் சேரும்போது அது ஒரு தோப்பாகிவிட்டதென்றால், நடுவிலிருந்த வீடுகளையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

அந்தத் தோப்புக்குச் சொந்தக்காரராக இரண்டு வாரம் புகழோடு இருந்தவர் ஜெயரட்ணம் அண்ணை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. கேரம் டவுன்ஸில் எங்கள் கோயில் கோபுரம் எழும்புவதற்கு வெகு காலம் முன்பு, இந்த ஊர்த் தமிழர் எல்லோரையும் ஒரே வீட்டு விறாந்தையில் இருத்திவிடலாம், கதிரை போதாவிட்டால் நாலு பேர் நிலத்தில் குந்தினால் சரி என்றிருந்த காலத்து மனிதர். யாழ்ப்பாணத்தில் அவர் விவசாயப் போதனாசிரியர். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்குள் காக்கிக் காற்சட்டையோடு சைக்கிளில் போவார். மிளகாய்க்கு இலை சுருண்டாலும் வெங்காயத்துக்கு நுனி கருகினாலும் ஆட்கள் வரம்பில் நின்று சைக்கிளை மறிப்பார்கள். ஒரு கால் மிதியில் இருக்க, மற்றக் காலை நிலத்தில் ஊன்றியபடியே நோயும் சொல்லி மருந்தும் சொல்லிவிடுவார்.

1974 ஜூனில் இங்கே வந்தார்கள். மனைவி யோகா தாதி. அவளுடைய படிப்புக்கு விசா கிடைத்தது. இவருடைய படிப்புக்கு ஒரு கடிதம் கிடைத்தது; மிகவும் மரியாதையான கடிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனார். கிறீம் பிஸ்கட்டின் மேல்தட்டு கோணாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பிஸ்கட் என்று, பக்கத்துத் தெருவில் இருந்த நான் ஊருக்கு எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு, "தங்கச்சி, அது முப்பதாயிரம்" என்று திருத்தினார். பொய்யைக்கூடச் சரியான அளவில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

அந்த இரண்டரை வருடத்தில் இந்த நாட்டில் ஒருவரும் அவரிடம் ஒரு செடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை அவர் சொல்லவில்லை. யோகாதான் என்னிடம் சொன்னாள்.

கேட்காத ஊரில் ஒரே ஒரு வீட்டுப் படலை மட்டும் அவர்களுக்குத் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்கிரீவ். எழுபது வயது, கணவர் இல்லை. இவர்கள் வந்திறங்கிய முதல் வாரம், ஜூன் மாதக் குளிரில், இரண்டு கம்பளியும் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, நன்றி சொல்ல இடம் கொடாமல் திரும்பிப் போனவர். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இந்தத் தெருவில் பேசியவர்கள் எல்லோருடைய ஆங்கிலமும் அப்படித்தான். விழுந்தபடியே எழுதுகிறேன்.

அவருடைய உடுப்புத் தோய்க்கிற கொட்டிலின் தெற்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில், சொட்டுகிற குழாயடியில் நின்றது ஏஞ்சலிக்கா. பெரிய இலை, கைத்தடி மொத்தத்தில் பச்சைத் தண்டு, தண்டின் உள்ளே புல்லாங்குழல் மாதிரி வெறுமை. அவருடைய தாய் வைத்த இனம். பூத்து விதை விட்டால் செடி அடியோடு செத்துப்போகும். பூத்தலையைக் கிள்ளிவிட்டால் இன்னும் ஒரு வருடம் நிற்கும். விதையை விழுந்த கையோடு மண்ணில் விட்டால்தான் முளைக்கும், தகரப் பேணியில் போட்டு வைத்தால் உயிர் போய்விடும். அதனால் கடையில் வாங்குகிற சாமானில்லை. ஒருவர் தோட்டத்திலிருந்து ஒருவர் தோட்டத்துக்குக் கையால் போனால்தான் உண்டு.

வசந்த காலத்தில் மிஸிஸ் ஹார்கிரீவ் இளந்தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அவித்து, நார் உரித்து, சீனியில் இரண்டு நாள் மூடிவைத்து, அதே சீனிப்பாகில் காய்ச்சி உலர்த்துவார். கண்ணாடி மாதிரிப் பச்சையாக வரும். முதல் வருடம் ஒரு போத்தல் யோகாவுக்குக் கொடுத்தார். யோகா ஒன்றை வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, பூசணித் தோசி!" என்றாள் என்னிடம். எங்களூர் ரிச் கேக்குக்குச் சீனிப்பாகில் காய்ச்சின பூசணித் துண்டு, அந்தத் தோசி, போடாவிட்டால் அது வெறும் மாக்கட்டி. இங்கே அது எங்கே கிடைக்கும்? அந்த வருடம் யோகாவின் கேக்கில் ஏஞ்சலிக்கா விழுந்தது. வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பச்சைக் கல் பதித்த மாதிரி இருக்கும். மூன்று வீட்டில் அதற்காகச் சண்டை நடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சரி, ஒரு வீட்டில்.

1976 ஒக்டோபரில் மிஸிஸ் ஹார்கிரீவ் ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போது, தூக்குக் கட்டிலில் படுத்தபடியே வேலிப்பக்கம் கையை நீட்டினார்.

"ஜெயரட்ணம், நீர் செடி தெரிஞ்ச மனிசன். அதை உம்மட்டை விட்டிட்டுப் போறன். காய விடாதையும். பூத்தலை வந்தால் கிள்ளிவிடும். தண்டை நான் வந்து வெட்டுறன்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஜெயரட்ணம் அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டு, "செடி தெரிஞ்ச மனிசன் எண்டு சொன்னவ" என்றார். கறி விட்டுப் பிசைந்தபின் மறுபடியும் சொன்னார்.

ஐந்து வாரம் செடியை ராசா வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி, வந்தபின் ஒரு வாளி. அதுவரை ஒரு குறையும் இல்லை. குறை நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வைதேகியின் உருவத்தில் வந்தது.

வைதேகி தமிழ்நாட்டுப் பெண். கணவர் பார்த்தசாரதி டண்டினோங்கில் கார்த் தொழிற்சாலையில் எஞ்சினியர். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் நுழையாத குடும்பம். அன்றைக்கு யோகாவின் குசினியில் நாங்கள் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"யோகா, நான் சொல்றேன்னு சிரிக்காதீங்கோ. ஊர்லேர்ந்து கொண்டுவந்த பெருங்காயம் தீந்து மூணு வாரம் ஆச்சு. எங்காத்துல சாத்தமுது வெக்கறதையே விட்டுட்டேன்." சாத்தமுது என்பது அவர்கள் வீட்டு ரசம். "பூண்டும் இல்லாம, காயமும் இல்லாம அது வெறும் புளித்தண்ணி. நேத்து இவர் குடிச்சுட்டு, 'வைதேகி, இது எந்த டாக்டர் குடுத்தது'ன்னு கேக்கறார்!"

சிரித்துக்கொண்டே சொன்னாள், முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஜெயரட்ணம் அண்ணை எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு இலைக்காம்பு.

"பெருங்காயம் வேணுமெண்டால், வேலிக்கு அங்காலை நிக்குது" என்றார்.

"என்னப்பா, அது ஹார்கிரீவ் மனிசியின்ரை செடியெல்லோ? கேக்குக்குப் போடுறது" என்றாள் யோகா.

"கேக்குக்குப் போடுறது தண்டு. நான் சொல்லுறது வேர். இஞ்சை பார். உள்ளுக்கு வெறுமை. காம்பின்ரை அடியிலை உறை. பூ குடை மாதிரி விரியும். வேர் முள்ளங்கி மாதிரி மொத்தம். கொத்தமல்லி, கரட், சதகுப்பை எல்லாம் ஒரு குடும்பம். பெருங்காயமும் அந்தக் குடும்பம்தான்."

"அண்ணை, மனிசி இதை ஏஞ்சலிக்கா எண்டெல்லோ சொல்லுறவ?" என்று நான் கேட்டேன்.

"தங்கச்சி, ஆங்கிலேயர் புயலுக்கும் பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர் வைக்கிற ஆக்கள். செடிக்கு வைக்க மாட்டினமே?"

யோகா காம்பை முகர்ந்தாள். "எனக்குப் பெருங்காயம் மாதிரி மணக்கேல்லை."

"பச்சையிலை மணக்காது. பால் இறுகோணும்."

அவர் மூக்கைக் கேட்டிருக்கலாம், கேட்டும் பயனில்லை. மெல்பேர்ணில் இறங்கிய நாளிலிருந்து அது அடைத்தே இருந்தது. பிறகு அவர் விவசாயப் பள்ளியில் எழுதிய குறிப்புக் கொப்பியை எடுத்துவந்து காட்டினார். பெருங்காயம் எடுப்பது எப்படி என்று முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கம். வேர்த்தலையின் மண்ணை விலக்க வேண்டும். தண்டை அடியோடு அறுக்க வேண்டும். வெட்டுவாயில் பால் கசியும். நாலு நாளைக்கு ஒரு தடவை மெல்லிசாகச் சீவிச் சீவி எடுக்க வேண்டும். வெயில் படாமல் மேலே இலைக்குழை போட்டு மூட வேண்டும். வைதேகி அந்தப் பக்கத்தைக் கோயில் சுவடி மாதிரிப் பார்த்தாள்.

"வேர் சாகாதா, சார்?"

"நாலு சீவலுக்கு வேர் சாகாது. ஹார்கிரீவ் மனிசி வரமுன்னம் புதுக்குருத்து வந்திடும். அவவுக்கும் ஒரு துண்டு குடுப்பம்."

எனக்கு அப்போது வாய் சும்மா இருந்திருக்கக்கூடாதா? "அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான்.

மறுநாள் அவர் கத்தியைத் தீட்டி, கொப்பியில் உள்ளபடியே செய்தார். பால் வந்தது! மஞ்சள் நிறமாக, பிசுபிசுவென்று. இரண்டு நாளில் இறுகிப் பிசினானது. மூன்றாம் நாள் தொலைபேசியில் நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். அந்த வார இறுதியில் பிரஸ்டனுக்கு நாலு கார் வந்தது. ஆட்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வெறும் பேணியோடு வந்திருந்தார். ஜெயரட்ணம் அண்ணை மூடியிருந்த குழைகளை நீக்கி, வேரைக் காட்டி, அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். இரண்டரை வருடம் வாயைக் கட்டியிருந்த மனிதர் அல்லவா, நிறுத்தத் தெரியவில்லை.

நாலு சீவல் முடிந்தபோது சேர்ந்தது ஒரு கொண்டைக்கடலை அளவு. தலையிடிக் குளிசைப் போத்தலில் போட்டு டண்டினோங்குக்கு அனுப்பினோம். அன்று பின்னேரமே வைதேகியின் தொலைபேசி வந்தது. பேசும்போது அவள் குரல் மிகவும் பணிவாக இருந்தது. அதிலிருந்தே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்கோ. ஒரு சிட்டிகைதான் போட்டேன். இது காயமில்லை. யாரோ சென்ட் பூசிண்டு வந்து சட்டிக்குள்ள எறங்கினாப்பல இருக்கு. இவர் வாசல்ல நின்னுண்டிருக்கார், உள்ள வர மாட்டேங்கறார்."

ஜெயரட்ணம் அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு நேரே கொட்டிலடிக்குப் போனார். யோகாவும் நானும் பின்னால் போனோம். குழையை நீக்கினார். புதுக்குருத்து வர வேண்டிய இடம் கறுத்துக் குழைந்திருந்தது. விரலால் அமர்த்தினார், விரல் உள்ளே போனது. முதல்முறையாக அவர் மூக்குக்கு ஒரு மணம் எட்டியது. அழுகல் மணம்.

"செத்துப்போச்சு" என்றார்.

அப்போது டிசம்பர் எட்டாம் தேதி. மிஸிஸ் ஹார்கிரீவ் இருபதாம் தேதி வீட்டுக்கு வருகிறார் என்று அவருடைய மருமகன் முதல்நாள்தான் சொல்லியிருந்தான். பன்னிரண்டு நாள். ஜெயரட்ணம் அண்ணை இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு செடிக்காகவா என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் ஒரே ஒரு ஆள்தான் அவரைச் செடி தெரிந்த மனிதன் என்று சொன்னது. அந்த ஆள் நம்பிக் கொடுத்த செடியை, செடி தெரிந்த காரணத்தாலேயே கொன்றுவிட்டார். "வேறை ஆர் எண்டாலும் தண்ணி விட்டிருப்பான், அவ்வளவுதான். செடி நிண்டிருக்கும்" என்று யோகாவிடம் சொன்னாராம்.

அவருக்கு உதவி செய்வது என் கடமை என்று நினைத்து, நான் ஒரு பொய்யைத் தைத்துக் கொண்டுபோனேன். அளவெடுத்துத் தைத்த பொய்.

"அண்ணை, பொசம் திண்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. இந்த ஊரிலை பொசம் எல்லாத்தையும்தானே தின்னுது." பொசம் என்பது கூரையில் குடியிருந்து, இரவில் தோட்டம் மேய்கிற, பூனையளவு மிருகம்.

"பொசமா?"

"ரெண்டு பொசம் எண்டு சொல்லுங்கோ. ஒண்டெண்டால் நம்பமாட்டா."

அவர் மறுக்கவில்லை. அது எவ்வளவு மோசமான நிலைமை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் பொய்யோடு சேர்த்து வேறொரு காரியமும் செய்ய நினைத்தார். மிஸிஸ் ஹார்கிரீவ் யாருக்காவது கன்று கொடுத்திருப்பார். கையால் போகிற இனம் அல்லவா? அதைத் தேட வேண்டும். தேடுவதென்றால் தெருவில் கதவு தட்ட வேண்டும். இரண்டரை வருடத்தில் அவர் அந்தத் தெருவில் செய்யாத காரியம்.

சனிக்கிழமை காலை கழுத்துவரை பொத்தான் போட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியும் வாடின இலை ஒன்றும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். யோகா படலை வரை போனாள். நான் எதிர்ப்பக்க நடைபாதையில், தற்செயலாக நடப்பவள் மாதிரிப் போனேன்.

முதல் வீட்டில் பெனியனோடு வந்த மனிதர் இவருடைய பொத்தானைப் பார்த்து வேதம் சொல்ல வந்தவர் என்று நினைத்து, "எங்களுக்குக் கடவுள் வேண்டாம், இருக்கிறவரே போதும்" என்று கதவைச் சாத்தினார். இரண்டாம் வீட்டில் ஆளில்லை. மூன்றாம் வீட்டில் கிரேக்கப் பெண் மிஸிஸ் பப்பாஸ். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை. இலையைப் பார்த்தார், முகர்ந்தார், உள்ளே ஓடினார். ஒரு கட்டுப் பார்ஸ்லி வந்தது. இவர் தலையாட்டினார். செலரி வந்தது. அதற்கும் தலையாட்டினார். துளசி மாதிரி ஒன்று, சட்டியோடு வந்தது. இவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் தலையாட்டினார்; யாழ்ப்பாணத்துத் தலை ஆடுவதைக் கிரேக்கக் கண் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டது. வாளியின் பாதி நிறைந்தது. அடுத்த வீட்டில் தக்காளிக் கன்று கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவி அத்திக் கொப்பு ஒடித்துக் கொடுத்து, "நீங்கள் அந்த நேர்ஸின்ரை புருசன்தானே? விடியப்புறம் செடிக்குத் தண்ணி விடுற ஆள்?" என்று கேட்டார். அந்தத் தெரு இரண்டரை வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேசத்தான் ஒரு சாட்டு இல்லை.

பதினாலாம் வீடு, தெருக்கோடியில். மிஸ்டர் மக்கி, ஓய்வுபெற்ற ரயில் சாரதி, மனைவியை இழந்தவர். இலையைப் பார்த்ததும், "இது என்ரை மனிசியின்ரை களை. பின்னாலை நிறையக் கிடக்கு. அவள் போனபிறகு புல் வெட்டேக்கை இதையும் சேத்துத்தான் வெட்டுறனான்" என்றார்.

பின்னால் போனார்கள். நானும் போனேன், தற்செயல் என்று சொல்ல இனி இடமில்லை. குழாயடியில், ஒரு பெரிய செடிக்குக் கீழே, சாண் உயரத்தில் ஏழெட்டுக் கன்றுகள். மக்கி குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனார்.

"வேண்டாம்!" என்று ஜெயரட்ணம் அண்ணை கத்தினார். பிறகு வெட்கப்பட்டு, "மன்னியுங்கோ. வேர் அறுந்திடும். மண்ணோடை எடுக்கோணும். இப்ப வெயில், பின்னேரம் வாறன்" என்றார்.

பின்னேரம் ஈரச் சாக்கோடு போனார். முழங்காலில் இருந்து, கன்றைச் சுற்றி ஒரு கைப்பிடி விட்டு வெட்டி, மண் ஒரு துளி உதிராமல் இரண்டு உருண்டை எடுத்தார். பிஸ்கட் பார்க்கிற கையை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கை. மக்கி பீர்ப் போத்தலோடு நின்று பார்த்தார்.

"நீர் இதை முந்தியும் செய்திருக்கிறீர்."

"இருபது வருசம்."

"எங்கை?"

அதற்குப் பதில் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. மக்கி இரண்டாவது போத்தலைத் திறந்து இவரிடம் நீட்டினார். இவர் குடிக்கிறவரல்ல, கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

கன்றுகள் கொட்டிலடியில் பிடித்துக்கொண்டன. யூக்கலிப்டஸ் கொப்புகளால் நிழல் கட்டினார். இருபதாம் தேதி மத்தியானம் மிஸிஸ் ஹார்கிரீவ் மருமகனின் காரில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் போகவில்லை. நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, நேரே கொட்டிலடிக்குப் போனார். ஜெயரட்ணம் அண்ணை அங்கே காத்து நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் யோகா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பட்ட அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது. சரி, ஒரு கிழமை, ஏழே நாள், இருந்தது.

மிஸிஸ் ஹார்கிரீவ் சாண் உயரக் கன்றுகளைப் பார்த்தார். தாய் வைத்த இனத்துச் செடி நின்ற இடத்தைப் பார்த்தார்.

"மிஸிஸ் ஹார்கிரீவ், பொசம்..." என்று தொடங்கினார் ஜெயரட்ணம் அண்ணை. நின்றுவிட்டார்.

"எத்தினை பொசம்?"

நான் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பொசம் இல்லை. நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கொப்பி, கத்தி, நாலு சீவல், வைதேகி, சாத்தமுது. ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் சொல்லும்போது என்னுடைய தொலைபேசி வேலையை மட்டும் விட்டுவிட்டார். அதற்கு இன்று வரை அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ஒரு சூப்புக்காகவா?" என்று மிஸிஸ் ஹார்கிரீவ் கேட்டார்.

"ஓம். ஒரு சூப்புக்காக."

"இந்தக் கண்டு எங்கையிருந்து?"

"மக்கி வீட்டிலையிருந்து."

"அவன்ரை மனிசிக்கு நான் குடுத்தது" என்றார். நடைச் சட்டத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சத்தம் போட்டிருந்தால் தேவலை. கிறிஸ்துமஸ், நாங்கள் சொல்லுகிற நத்தார், வந்தது. முந்தின இரண்டு நத்தாருக்கும் வேலிக்கு மேலால் ஒரு புடிங் வந்தது. இந்த முறை வரவில்லை. ஜெயரட்ணம் அண்ணை தன் பக்கத்திலிருந்து குழாயை நீட்டிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார், படலைக்குள் கால் வைக்காமல். யோகா கதவைத் தட்டுவோம் என்றாள். "வேண்டாம். அவ கூப்பிட்டால் போவம்" என்றார். கூப்பிடாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்தக் கன்றுகள் என்ன ஆயின என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோகா என்னை விடமாட்டாள். இரண்டும் பிழைத்தன. அடுத்த ஒக்டோபரில் தண்டு வெட்டினார்கள். யோகாவின் குசினியில் ஒரு அடுப்பு, பக்கத்துக் குசினியில் ஒரு அடுப்பு. ரூபாப் என்கிற புளிப்புத் தண்டைக் காய்ச்சும்போது இரண்டு ஏஞ்சலிக்கா இலைக்காம்பு போட்டால் புளிப்பு அடங்கி, சீனி பாதி போதும் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் மிஸிஸ் ஹார்கிரீவ். இளந்தளிரைத் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வல்லாரை மாதிரிச் சம்பல் போட்டது யோகா. மிஸிஸ் ஹார்கிரீவ் அதைச் சாப்பிட்டுவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். வைதேகிக்குச் சென்னையிலிருந்து யாரோ போர்வைக்குள் சுற்றி அசல் பெருங்காயம் கொண்டுவந்தார்கள். முதல் சாத்தமுது, சூடு ஆறாமல், டண்டினோங்கிலிருந்து பிரஸ்டனுக்குக் காரில் வந்தது. ஒரு தூக்குச்சட்டி எங்களுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. மெல்பேர்ணில் எங்கள் வாழ்க்கை பசியாறிய விதம் இப்படித்தான். யாரோ ஒருவர் எதையாவது கையில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் நன்றி சொல்லி முடியவில்லை.

இதெல்லாம் நடப்பதற்கு மிஸிஸ் ஹார்கிரீவ் ஒரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி பின்னேரம் கூப்பிட்டார்.

"ஜெயரட்ணம்! இஞ்சை ஒருக்கா வாரும்."

அவர் போன வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் பக்கத்திலேயே கிடந்தது. மிஸிஸ் ஹார்கிரீவ் கொட்டிலடியில் இல்லை. வீட்டின் மறுபக்கத்தில், அப்ரிக்கொட் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தின் அடித்தண்டில், பட்டை வெடித்த இடத்தில், தேன் நிறத்தில் கட்டி கட்டியாகப் பிசின் வடிந்து நின்றது.

"உமக்குப் பிசின்தானே வேணும்? இதிலை கேளாமலே வடியுது. நீர் இதிலையும் கத்தி வைச்சனீரோ?"

"இல்லை மிஸிஸ் ஹார்கிரீவ். சத்தியமா இல்லை."

"அப்ப ஏன் வடியுது?"

ஜெயரட்ணம் அண்ணை குந்தியிருந்து பார்த்தார். ஒரு கட்டியை விரலால் தொட்டார். விரல் பாதி தூரம் மூக்கை நோக்கிப் போய், நின்றுவிட்டது.

"மணந்து பாருமன்" என்றார் மிஸிஸ் ஹார்கிரீவ். அவர் வாய் ஓரம் கொஞ்சம் ஆடியதாக எனக்குப் பட்டது.

ஜெயரட்ணம் அண்ணை மணக்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மண்ணைக் கிளறி ஈரம் பார்த்தார். சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி விடை சொல்லிப் பழகிய மனிதர், இன்னொரு தடவையும் மரத்தைச் சுற்றி வந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "எங்கடை ஊரிலை இந்த மரம் இல்லை. ஒரு கிழமை தாருங்கோ. லைப்ரரியிலை பாத்து, மக்கியையும் கேட்டு, வந்து சொல்லுறன். அதுவரைக்கும் கத்தி வைக்க மாட்டன்."

மிஸிஸ் ஹார்கிரீவ் நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார்.

"ரெண்டு கிழமை எடும். மரம் ஓடாது. நாளைக்குக் காலமை வெயில் ஏற முன்னம் வாரும். பின்னாலை பிளம்சும் ஒண்டு நிக்குது, அதையும் ஒருக்காப் பாக்கோணும்."

ஜெயரட்ணம் அண்ணை வீட்டுக்கு வந்து முன்னறையில் நின்றார். தொழிற்சாலை அந்த வாரம் பூட்டு.

"இஞ்சேர் யோகா," என்றார், "என்ரை காக்கிக் காற்சட்டை எங்கை கிடக்கு?"

யோகா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். இரண்டரை வருட மடிப்பு லேசில் போகவில்லை. தண்ணீர் தெளித்து, மூன்று தடவை அயன் பண்ணினாள்.